முப்பத்தேழாவது படம்

பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க மணிக்கு இருபது ரூபாய். மஞ்சக்குப்பத்தில் அந்தோணிசாமியின் பிரவுசிங் சென்டரில் அதுதான் ரேட், பேரம் கிடையாது. பண்ருட்டி முந்திரி மண்டிகளில் முப்பது வருஷம் தரகு பார்த்த ராஜமாணிக்கம், சொன்ன விலையை அப்படியே கொடுத்து வாங்கியது இது ஒன்றைத்தான்.

சிங்கப்பூரிலிருக்கும் மாலதி ஃபேஸ்புக்கில் அவரைச் சேர்த்துக்கொண்டு மூன்று மாதமாகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருஷம் பேச்சில்லை. வாராவாரம் வந்து முப்பத்தேழு படங்களையும் பார்ப்பார்: பேத்தியின் முதல் பல், துணி காயும் பால்கனி, மாலதி வைத்த கருவாட்டுக் குழம்பு. பார்த்துவிட்டு, சரக்குப் பிடிக்காதவர் மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இன்றைக்கு அவளிடமிருந்து ஒரு சேதி. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ் அவருக்கு ஓடாது, அந்தோணிசாமிதான் படித்தார். "அப்பா, ஒரு படத்துக்குக்கூட நீங்க லைக் போடல. இன்னும் கோவம்தான்னா சொல்லிடுங்க. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்."

"புடிச்சிருக்குன்னு காட்டுனா வெல ஏறிடும்யா," என்றார் ராஜமாணிக்கம்.

"அது உங்க பொண்ணு மாமா. முந்திரி மூட்ட இல்ல."

அவளுக்கு ஏழு வயதில் சிதம்பரம் தேருக்குப் போயிருந்தார்கள். கீழவீதிக் கடையில் ஒரு நீல வளையலைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. இதெல்லாம் ஒரு வளையலா என்று பிடுங்கிப் போட்டுவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். பத்தடியில் கடைக்காரன் கூப்பிட்டான். பாதி விலைக்கு முடிந்தது. "நெஜமாவே வாணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சேம்பா," என்று விசும்பிக்கொண்டே போட்டுக்கொண்டாள். பிறகு அவள் தானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு வந்து நின்றபோதும் அதே நடைதான் நடந்தார், முதுகுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு. அந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை.

எங்கே அமுக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். பல்லுக்கு ஒன்று. குழம்புக்கு ஒன்று. பால்கனிக்கும் ஒன்று.

"காயப்போட்ட துணிக்குமா மாமா?"

"எம் பேத்தி சட்ட தொங்குதுய்யா."

கடைசியில் கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக மாலதி. பெற்றவர்கள் நிற்க வேண்டிய பக்கத்தில் யாரோ ஓர் ஆபீஸ் சிநேகிதி, புஷ்பவள்ளியின் போட்டோவை மார்போடு பிடித்திருந்தாள். இவர் மனைவி, செத்துப் பத்து வருஷம் ஆனவள், அவளே போய் நின்றிருக்கிறாள்.

மவுஸ் மேல் கை அப்படியே இருந்தது. நேரம் முடிந்ததென்றார் அந்தோணிசாமி. ராஜமாணிக்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னோர் இருபது ரூபாயை மேஜையில் வைத்தார்.

முப்பத்தேழில் முப்பத்தாறு ஆயிற்று. பாக்கி ஒன்று.