முதலில் கவிழ்ந்த சட்டி

செவந்தி ஒவ்வொரு கடையாகப் புகுந்து மேசைத் துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஜெனரேட்டருக்குப் பின்னால் பார்த்தாள். டிராக்டர் டிரெய்லரில் ஏறிப் பார்த்தாள். இல்லை. காலையில் இறக்கி வைத்த கெண்டைமீன் குழம்பைச் சட்டியோடு காணோம்.

“நான் சேலை மாத்திட்டு வர்றதுக்குள்ள எங்கய்யா போச்சு? ஒன்னையத்தான காவலுக்கு வச்சிட்டுப் போனேன்.”

கணவன் அடைக்கலம் தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். “தண்ணி எடுக்கப் போனேன் புள்ள. திரும்பி வந்தா அடுப்புக்கல்லுதான் இருக்கு.”

அரிமளம் பக்கத்து அந்த ஊரின் உணவுத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடைச் சட்டி முதலில் காலியாகிறதோ அதை மேடையில் கவிழ்த்து மேளம் அடிப்பார்கள். இந்த வருடம் அதற்கு மேலும் ஒன்று. கவிழ்த்தவளைத்தான் பள்ளிக்கூடத்துக் காலைச் சமையலுக்கு ஊர் கைகாட்டும். செவந்திக்கு அந்த வேலை வேண்டும்.

காலனியிலிருந்து கடை போடுகிறவள் அவள் ஒருத்திதான். போன வருடம் அவள் கடையைக் கடந்தவர்கள் எல்லோருமே அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டிருந்தார்கள். வைத்த குழம்பு வைத்தபடி வீடு திரும்பியது.

மைக்கில் விழாக்குழுத் தலைவர் எழிலரசனின் குரல் குழைந்தது. “நம்ம செவந்தியோட சட்டியக் காணோமாம். யாராச்சும் மாத்தித் தூக்கிட்டுப் போயிருந்தா குடுத்துருங்கய்யா. ஒரே ஊரு, ஒரே சோத்து ஒல. அதான் நம்ம பெரும.”

அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்கள் கிளம்பினார்கள். தின்ன வராத கூட்டம் தேட வந்தது.

“மீனெல்லாம் நீந்திக் கம்மாய்க்கே போயிருச்சோ என்னமோ,” என்றான் ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எதிர்க்கடையில் வரிசை நீண்டிருந்தது. அது எழிலரசனின் தம்பி மனைவி அமுதவல்லியின் கடை. அடைக்கலம் வருடக்கணக்காக அவள் வயலில்தான் பாடுபடுகிறான்.

“ஏ செவந்தி, மூஞ்சியத் தொங்கப்போட்டுத் திரியாத. வா, ஒரு வாய் சாப்புடு,” என்றாள் அமுதவல்லி.

“சட்டி கெடைக்கட்டும்மா.”

அவளுடையது கிடைப்பதற்குள் அமுதவல்லியின் சட்டி காலியாகிவிட்டது. மேடையில் கவிழ்த்தார்கள். மேளம் அதிர்ந்தது.

செவந்தி அப்போது பந்தலுக்குப் பின்னே எச்சில் இலைக் குவியல் பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். கால் நின்றுவிட்டது. இலைகளில் சூப்பிப் போட்ட மாங்கொட்டைகள். நல்ல வெயிலில் காயவைத்த மாவத்தலைக் கொட்டையோடு மீன் குழம்பில் போடுகிறவள் அந்த ஊரில் அவள் மட்டும்தான். ‘கொழம்புல குப்பையக் கொட்டி வச்சிருக்கா’ என்று போன வருடம் மூக்கைப் பிடித்தவள் இதே அமுதவல்லி. அந்தக் குப்பையை இன்று ஊரே நாரோடு உறிஞ்சித் துப்பியிருந்தது.

இலையில் கிடந்த ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் அடைக்கலம் குறுக்கே வந்து கையைப் பிடித்தான்.

“விடுய்யா. மைக்குல சொல்றேன். தின்னது யாரு கொழம்புன்னு தெரியட்டும்.”

“சொல்லாத புள்ள.”

“எம் பொழப்பத் திருடிட்டாக. இந்நேரம் வாயப் பொத்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?”

“யாரும் திருடல.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டில் குழம்புக் கறை அப்பியிருந்தது. “அவுக கொழம்பு காலையில அடிபிடிச்சுப் போச்சு. நாந்தேன் நம்ம கொழம்பக் கொண்டுபோயி அவுக சட்டியில ஊத்துனேன். ஒஞ் சட்டியக் கழுவி வாய்க்கா ஓரத்துல கவுத்து வச்சிருக்கேன்.”

“ஊத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல. நானாப் போயித்தேன் ஊத்தட்டுமான்னு கேட்டேன். ஒங் கடையில இருந்தா எவன் திம்பான், சொல்லு.”

மேளம் நின்றது. மைக்கில் அமுதவல்லியின் பெயரைச் சொன்னார்கள். கைதட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்து, அடைக்கலம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“பள்ளிக்கூடத்துல பாத்திரம் கழுவ ஒன்னையக் கூப்புட்டுக்கிறேன்னு சொல்லிருக்காக.”