புத்து இருந்த எடம்

தூ! அவங்க கல்லுல இடி விழ!

நாங்க இருளரு. செத்தவங்களுக்குக் கல்லு வைக்கிற பழக்கம் எங்க வீட்ல இல்ல. எம் பொண்ணு ஜெயம் காய்ச்சல்ல போனப்போ ஏரிக்கரைப் புத்தோரமாதான் பொதைச்சோம். புத்துல இருக்கிறது எங்க சாமி கன்னியம்மா. புள்ளைய அவ பாத்துக்குவான்னு ஒரு தைரியம். வெள்ளிக்கெழமையானா ஒரு கை பொரி வச்சிட்டு வருவேன்.

சொல்தா சகாயநாதன் ஒருநாளு குடிசைக்கே வந்தாரு. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்ததால ஊர்ல சொல்தான்னு பேரு; அந்தப் பென்ஷன், மடிப்புக் கலையாத சட்டை, வாயெல்லாம் சக்கரை. அவரு பாட்டன் பூட்டனெல்லாம்தான் காட்ட அழிச்சு இந்த ஊர உண்டாக்குனாங்களாம்.

"அவங்களுக்கும், அவங்களுக்கு முன்னாடியே இங்க இருந்த ஒங்க சனத்துக்கும் சேத்து ஒரு நினைவுச்சின்னம் வைக்கிறோம் அமுதவல்லி. புத்து இருக்குற எடத்துலதான் வருது."

"ஐயா, எம் பொண்ணு அங்கதான் படுத்திருக்கா."

"அவளுக்கும் சேத்துத்தாம்மா கல்லு."

நம்பிட்டோம். கன்னியம்மாவுக்குத்தான் மேடை கட்டுறாங்கன்னு நெனச்சு, எம் புருசன் அம்மாவாசை தன் கையாலயே புத்துல இருந்த நல்லபாம்பப் புடிச்சுத் தூரமா கொண்டுபோயி விட்டான். "வேல முடிஞ்சதும் வந்துடு தாயி"ன்னு கும்புடு வேற. கூறுகெட்ட மனுசன்! அந்தப் பாம்புக்குப் பயந்துதான் அதுவரைக்கும் ஒருத்தனும் கிட்ட வரல. மறுநாளே ஜேசிபி வந்துடுச்சு.

குறுக்கப் போயி விழுந்தேன். என்ன இழுத்துட்டு வந்தவன் அம்மாவாசைதான். அவனுக்கு அங்கியே வாட்ச்மேன் வேல தரேன்னு சொல்தா சொல்லியிருந்தாரு. புத்த ஒடச்சு, மண்ண வாரி லாரியில கொட்டுனாங்க. எம் புள்ள லாரியில போனாளா, அடியிலியே கெடக்குறாளா, யாரக் கேக்கிறது?

தெறப்பு விழாவுக்கு மைக்கு, மாலை, பிரியாணி எல்லாம் அமர்க்களம். தோள்ல பாம்போட ஒரு ஆளு கல்லா நிக்கிறான். மூஞ்சி அச்சு அசலா எம் புருசன் மூஞ்சி. கீழ "மண்ணின் மூத்த மக்களுக்கு"ன்னு எழுதியிருக்காம். சுத்தியும் பச்சப்பசேல்னு புல்லு.

அடுத்த வெள்ளிக்கெழம பொரி எடுத்துட்டுப் போனேன். புத்து இருந்த பக்கமா புல்லுல காலு வச்சேன், விசிலு கேட்டுச்சு. திரும்புனா, காக்கிச் சட்டையில அம்மாவாசை. அவம் பின்னால சொல்தா நின்னு பாத்துட்டிருந்தாரு.

"புல்லு மேல ஏறக்கூடாது"ன்னான். என் மூஞ்சிய அவன் பாக்கல.

"யோவ், நம்ம ஜெயம்யா."

மறுபடியும் விசில ஊதுனான்.