கப்பலுக்குள் ஒரு பங்குக் கிணறு

வெளியிலே உறைய வைக்கும் குளிர். உள்ளே கப்பல் வெந்து சாகிறது. இதை மனிசருக்கு விளங்கப்படுத்தியே கெல்வினுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அவனும் ஷாமினியும் கூட்டாக விண்வெளிச் சண்டை விளையாட்டொன்றைக் கணினிக்குச் செய்துகொண்டிருந்தார்கள். கப்பலில் எந்த ஆயுதத்தை எங்கே பூட்டலாம் என்பது கெல்வினின் பகுதி. உள்ளதை உள்ளபடி செய்ய வேண்டும் என்பது அவன் பிடிவாதம். பீரங்கியை இடப்பக்கம் பூட்டிச் சுட்டால் அது பின்னுதைத்துக் கப்பலைச் சுழற்றும். காற்றில்லாத வெளியில் சூட்டைக் கொண்டுபோக ஆளில்லை. தகடுகள் சிவந்து ஒளிர்ந்துதான் அது மெல்ல வெளியேறும். ஆகவே கொஞ்சமாகப் பூட்டி, அளந்து சுட வேண்டும்.

விளையாடிப் பார்க்க வந்த பக்கத்து ரியூசன் பிள்ளைகளோ அளக்கிற ஆட்களாக இல்லை. வெறும் இடத்தைக் கண்டால் பந்தியில் வெறும் இலையைக் கண்டதுபோல அவர்களுக்குக் கை துடித்தது. பத்து ஆயுதத்தையும் பூட்டி, பத்தையும் ஒன்றாக அமத்தினார்கள். கப்பல் தானாகவே வெடித்தது. எதிரி தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தான்.

“இதுவரைக்கும் எதிரியிலை ஒருத்தனும் சாகேல்லை, கெல்வின்,” என்றாள் ஷாமினி. “எல்லாரும் உம்மடை சூட்டிலைதான் சாகினம்.”

“அதுதானே உண்மை.”

“உண்மையை விளையாட ஆர் வாறது? சனிக்கிழமை பிள்ளையள் திரும்ப வருகினம். அண்டைக்கும் பாதியிலை எழும்பிப் போனால் சூட்டையும் தூக்கிறம், பின்னுதைப்பையும் தூக்கிறம். அமத்தினால் சுடும். அவ்வளவுதான்.”

கடைக்காரன் மகனான கெல்வினுக்கு, படியக்கூடிய பேச்சு எது, படியாத பேச்சு எது என்று குரலிலேயே தெரியும். இது படியாது.

அவர்களுக்கு நிரல் எழுதும் செந்தூரன், சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, கதிரையைத் திருப்பினான்.

“அண்ணை, எங்கடை தோட்டத்துக் கிணறு மூண்டு வீட்டுக்குப் பங்கு. எல்லாரும் ஒண்டாய்த் தண்ணி மிசின் போட்டால் வத்திப்போகும். அதாலை ஆளுக்கொரு முறை. முறை வந்த ஆள்தான் இறைக்கலாம். உங்கடை துவக்குகளுக்கும் அப்பிடி வைச்சால் என்ன?”

கெல்வின் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு கப்பல், மூன்று சுடுநர், சூட்டை வெளியேற்ற ஆளுக்கொரு முறை. முறை வந்தவர் மட்டும் சுடலாம். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கைமாற்ற முடியாத பங்கும் ஒரு பங்கா என்று வியாபார இரத்தம் கேட்டது. முறையை இன்னொருவருக்குக் கொடுக்க ஒரு பொத்தானும் வைத்தான்.

“அதை மட்டும் வையாதேங்கோ அண்ணை,” என்றான் செந்தூரன். “முறையை மாத்தப்போய் எங்கடை ஐயாவும் பெரியப்பாவும் கதைச்சுக் கனகாலம்.”

“அது தண்ணியடா. இது விளையாட்டு.”

சனிக்கிழமை பிள்ளைகளில் மூன்று பேர் ஒரே கப்பலில் ஏறினார்கள். எதிரி இல்லாமல் ஒரு கப்பலில் பழகிவிட்டு அடுத்ததில் ஏற, எதிரி வந்தான். முதல் முறை அவர்களில் சிவதர்ஷனுடையது.

“உன்ரை முறையைத் தா,” என்றாள் பக்கத்தில் இருந்த கோபிகா. “பிறகு ரெண்டு தாறன்.”

“போனதடவையும் உப்பிடித்தான் சொன்னனீ.”

“அது போன கப்பல்.”

“கப்பல் மாறினால் சொல்லு மாறுமோ?”

“அவளுக்குக் குடுத்தால் எனக்கு ஆர் தாறது?” என்றான் மூன்றாமவன்.

“சுடுங்கோவன் பிள்ளையள்,” என்று கெல்வின் பின்னால் நின்று கெஞ்சினான்.

“பொறுங்கோ சேர், கதைச்சு முடியேல்லை.”

எதிரி கிட்ட வந்து ஆறுதலாகச் சுட்டான். கப்பல் இரண்டாகப் பிளந்தது. வழக்கு இரண்டு பாதியிலும் தொடர்ந்தது. கெல்வின் மாதக்கணக்காய்ச் செதுக்கிய பீரங்கி ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த கப்பலில் ஏறி, விட்ட இடத்திலிருந்து பிடித்தார்கள்.

“சூடு இருக்கட்டும்,” என்றாள் ஷாமினி.

“ஒருத்தரும் சுடேல்லையே.”

“ஓம். ஆனால் இருக்கினம். உந்தப் பத்துத் துவக்கும் என்னத்துக்கு? மூண்டு காணும். மிச்சத்தை எடும்.”

கெல்வின் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினான்.

“சேர்,” என்றான் சிவதர்ஷன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “தாறன் எண்டு சொல்லிப்போட்டு மாட்டன் எண்டுறவையை என்ன செய்யிறது? நடுவிலை இருந்து தீர்க்க ஒரு ஆள் வேணும்.”

“இது போர்க்கப்பல், தம்பி.”

“ஓம் சேர். அவருக்கும் ஒரு கதிரை போடுங்கோ.”

இடப்பக்கம் பீரங்கி இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. கெல்வின், அதை அப்படியே விட மனமில்லாமல், அங்கே ஒரு கதிரையைப் பூட்டினான்.