உள்ளூர்க்காரியின் குளியல்

காஷ்மீர் என்றுதான் ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து ஸ்ரீமதி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஐம்பது வயதுப் பெண்கள் பத்துப் பேர் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகப் பனியில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இனி நமக்காக வாழ்வோம்' என்று கீழே எழுதியிருந்தது. தென்காசியில் ஒன்றாகப் பத்தாம் வகுப்புப் படித்த நான்கு பேரும் வாட்ஸப்பில் கைதட்டிக்கொண்டார்கள். நிர்மலாதேவி அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஊதா நிற ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவிட்டாள். தென்காசியில் ஸ்வெட்டர் கேட்டவளைக் கடைக்காரர் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அது இரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. வடிவம்மாளின் மகளுக்குப் பிரசவம் வந்தது, காஷ்மீர் ஊட்டியாயிற்று. ஜுஹைனாவின் மகனுக்கு நீட் தேர்வு வந்தது, ஊட்டி கன்னியாகுமரியாயிற்று. ஸ்ரீமதியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார், கன்னியாகுமரி குற்றாலமாயிற்று. மேலகரத்தில் நிர்மலாவின் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் குற்றாலத்து மலை தெரியும். பஸ் ஏறினால் பத்து நிமிஷம்.

"இதுக்குப் பேரு டூராட்டி?" என்று குழுவில் எரிந்து விழுந்தாள். பிறகு சரி என்றும் சொன்னாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவள் பெரிய அருவியில் குளித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சாரல் விழ ஆரம்பித்தால் போதும், சென்னை, கோவை, பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தமெல்லாம் மேலகரத்தில் வந்து இறங்கிவிடும். ஆக்கிப் போட்டு, அருவிக்குக் கூட்டிப் போனால், பையையும் செருப்பையும் செல்போனையும் அவள் மடியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். "நீங்க உள்ளூருதான அத்தை, எப்ப வேணாலும் குளிக்கலாம்" என்று ஒரு வார்த்தை வேறு. அந்த 'எப்ப வேணாலும்' ஒரு நாளும் வரவில்லை. அவள் கணவர் சுடலைமுத்து போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீசனுக்குச் சீசன் அருவிக்கரையில் விசில் ஊதி ஊரையே வரிசையில் விட்டுக் குளிக்கவைத்த மனுஷர். பெண்டாட்டியை ஒரு நாள் கூட்டிப் போவோம் என்று அவருக்கும் தோன்றவில்லை. இந்தத் தடவை தலை நனையாமல் வீடு திரும்புவதில்லை என்று நிர்மலா முடிவு கட்டியிருந்தாள்.

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை. மணிமுத்துவின் ஆட்டோவில் ஏறும்போதே கூத்து தொடங்கியது. "நீ ஒண்ணும் தூக்கிட்டு வராத, சாப்பாடு நான் பாத்துக்கிடுதேன்" என்று நான்கு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தார்கள். மரியாதைக்குச் சொல்வதை நம்பி வெறுங்கையோடு போக முடியுமா? ஆகவே, முந்தின நாளே தென்காசியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட ஸ்ரீமதி உட்பட, நான்கு பேரும் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறியிருந்தார்கள். நான்கு தூக்குவாளி புளியோதரை. தொட்டுக்கொள்ள ஒரு அப்பளம் இல்லை. கீழப்பாவூரிலிருந்து வந்த வடிவம்மாள் மட்டும் இருபது பேருக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"கொறச்சு வடிக்க எனக்கு கை வராதுட்டி" என்றாள் அவள்.

மாற்றுத்துணிப் பை, துண்டுப் பை, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்துப் பதினொன்று. ஆட்டோவில் கால் வைக்க இடமில்லை. மணிமுத்து திரும்பிப் பார்த்து, "ஆச்சி, வீடு காலி பண்ணுதீயளா?" என்று கேட்டான். ஐம்பத்திரண்டு வயதில் ஆச்சி என்று கூப்பிட்டதற்கு அவனை என்ன சொல்வது என்று நிர்மலா யோசிப்பதற்குள் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது.

அருவி பொங்கி விழுந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். கோயில் மதிலோரம் பைகளை இறக்கினார்கள். மதில்மேல் எட்டுக் குரங்குகள் தூக்குவாளிகளையே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று பேரும் நிர்மலாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"யாராவது ஒருத்தி பைகிட்ட இருக்கணுமேடி" என்று ஸ்ரீமதி இழுத்தாள்.

"பத்தே நிமிசம், நாங்க வந்திருதோம். அப்புறம் நீ போ. நீ பக்கத்துலதான இருக்க?" என்றாள் ஜுஹைனா.

நிர்மலா கீழே கிடந்த குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் இருபதானது, நாற்பதானது. பெண்கள் பக்கத்தில் மூன்று பேரும் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகக் கூச்சல் போடுவது நன்றாகத் தெரிந்தது. அவள் குச்சியை ஆட்டிக் குரங்கு விரட்டினாள். அப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் பெரிய பை ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, செத்த பாத்துக்கிடுங்க. நீங்க இங்கனதான இருப்பீங்க?"

அவளைப் பார்த்து இன்னொரு குடும்பம் ஐந்து ஜோடி செருப்பை விட்டது. ஒரு கைக்குழந்தையைக்கூட ஒருத்தி நீட்டினாள், நல்லவேளை அது அழுது தப்பித்தது. காவலுக்கு இருப்பவள் என்று தன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று நிர்மலாவுக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, விறைத்த கைகளைத் தேய்த்துக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். நிர்மலா துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். நான்கு எட்டு வைத்திருப்பாள், விசில் பறந்தது. மலைமேல் மழை. தண்ணீர் நிறம் மாறி, அபாய எல்லையான ஆர்ச் வளைவைத் தொட்டுவிட்டது. போலீஸார் எல்லாரையும் வெளியேற்றிக் கயிறு கட்டினார்கள்.

"அடடா! சரி விடு நிர்மலா, மொதல்ல ரெண்டு வாய் புளியோதரை சாப்பிடு" என்றாள் வடிவம்மாள்.

நிர்மலாவுக்கு வந்ததே கோபம்.

"புளியோதரையத் தூக்கி ஆத்துல போடுட்டி! இருவத்திரெண்டு வருசமா மூட்டைக்குக் காவலு. எங்க வீட்டு ஆளுகதான் அப்படின்னா, நீங்களுமா? கூடப் படிச்சவளுகன்னு நம்பி வந்தேனே. நீ குளிச்சியா நிர்மலான்னு எவளாவது ஒருத்தி கேட்டியளா? எனக்குக் காஷ்மீரு வேண்டாம், ஊட்டி வேண்டாம். இந்தத் தண்ணி என் தலையில விழணும், அம்புட்டுதான்!"

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜுஹைனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து சுடலைமுத்து போன் பண்ணினார். "ஏளா, தோசைமாவு எங்கன வச்சிருக்க?"

நிர்மலா கண்ணைத் துடைத்தாள். "உடனே மெயினருவிக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மனுஷர் பதறியடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "என்னட்டி ஆச்சு? யாருக்கு என்ன?"

"எனக்குத்தான். இங்கன உக்காருங்க. இதெல்லாம் பத்திரமாப் பாத்துக்கிடுங்க. குரங்கு வந்தா குச்சி இருக்கு."

"இதுக்கா கூப்பிட்ட? அருவிய அடைச்சிருக்கான்லா!"

"தொறக்கும்போது தொறக்கட்டும். சாயங்காலம் ஆனாலும் சரி, நான் குளிக்காம வரமாட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பழைய டூட்டிக் கண்ணோடு மலையைப் பார்த்தார். "மேல மழை நின்னுட்டு. அரை மணி நேரத்துல விட்டுருவான்" என்று முனகிக்கொண்டே பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னது சரியாக இருந்தது. கயிறு அவிழ்ந்ததும் முதல் ஆளாக நிர்மலா உள்ளே போனாள். வடிவம்மாளும் ஜுஹைனாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஸ்ரீமதி பின்னாலிருந்து முதுகைத் தாங்கினாள். தண்ணீர் தோளில் அறைந்தபோது மூச்சு நின்று வந்தது. முதுகு, இடுப்பு, மூட்டு என்று ஒவ்வொரு வலியாகத் தேடிப்பிடித்து அடித்தது. இதையா இத்தனை வருஷம் ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் விட்டுக்கொடுத்தேன் என்று அருவிக்கு அடியிலும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. வாயைத் திறந்து கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே வந்து உடை மாற்றி, ஊதா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். மதிலோரம் சுடலைமுத்துவைச் சுற்றி இப்போது இருபது பை இருந்தது. மடியில் யாரோ ஒருவருடைய ஹெல்மெட்.

"எல்லாவனும் என்ட்டயே வச்சிட்டுப் போறான்" என்று அவர் அலுத்துக்கொண்டார். "இந்தா, செத்த நேரம் நீ உக்காரு. வந்ததுக்கு நானும் ஒருவாட்டி தலைய நனைச்சிட்டு வந்திருதேன்."

நிர்மலா பழக்கதோஷத்தில் உட்காரப் போனாள். முழங்கால் பாதி மடங்கியும்விட்டது. சட்டென்று நிமிர்ந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி, மடித்து, அந்த ஹெல்மெட்டின் மேல் வைத்தாள்.

"நீங்க உள்ளூருதான" என்றாள். "எப்ப வேணாலும் குளிக்கலாம்."

பிறகு தோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றாள்.