ஒருசந்தியும் ஒரு மாத்திரையும்

ராயபுரத்தில் ஒரு மனிதன் தள்ளாடி நடந்தால் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். எங்கே ஊற்றிக்கொண்டு வந்தான் என்றுதான் கேட்பார்கள். பாவம், லூயிஸ் அந்தக் கேள்வியில் வசமாக மாட்டிக்கொண்டார்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேத்தி பிறந்ததும் குடியை விட்டவர், அதன்பிறகு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்து பொழுது ஏறினால் நாக்கு குழறியது, கை நடுங்கியது, சட்டை வியர்வையில் ஊறியது. காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். மத்தியானம் சோறு உள்ளே போனதும் தெளிந்துவிடுவார். குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் மனைவி அடைக்கலமேரி நம்பவில்லை. குடித்த காலத்திலும் இதே சத்தியத்தைத்தானே செய்தார்! மாத்தூரில் மகள் மெர்லின் வீட்டோடு போய்விடுவதென்று முடிவெடுத்துவிட்டாள். நாமே அறியாமல் குடித்துத் தொலைக்கிறோமோ என்று லூயிஸுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் கிளம்பவிருந்த காலையில்தான் மருந்துக்கடை பார்மசிஸ்ட் கார்குழலி வந்தாள். வீட்டுக்கே வந்து மாத்திரைகளைப் பார்த்துச் சொல்வார்கள், காசு வேண்டாம் என்று மாதா கோயிலில் அறிவித்திருந்தார்கள். முழங்கால் வலி மாத்திரைக்காக அடைக்கலமேரிதான் பேர் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து முடித்த கார்குழலி, ஐயா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். லூயிஸ் வாயைத் திறந்தார், வார்த்தை வழுக்கியது.

"அவர வுடும்மா," என்றாள் அடைக்கலமேரி தலையைக் குனிந்துகொண்டு. "காலைலயே ஊத்திகினு உக்காந்துகினு கீறாரு."

கார்குழலி விடவில்லை. அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் பார்த்தாள். உடனே சர்க்கரை டப்பாவைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கியது, நாக்கு நேரானது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அப்புறம்தான் கேட்டாள்.

"ஒருசந்திமா. மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணிதான்," என்றார் லூயிஸ். பிறகு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "ஆனா சக்கர மாத்திரய ஒருநாளும் வுட்டதில்ல."

ஒருசந்தி நோன்பு வயிற்றுக்கு மட்டும்தான், மாத்திரைக்கு இல்லை என்று நல்ல பிள்ளையாக விழுங்கியிருக்கிறார் மனிதர். சாப்பாட்டோடு போகவேண்டிய மாத்திரை வெறும் வயிற்றில் போனால் இரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், பார்க்கிறவர்களுக்குக் குடித்தது போலவே தெரியும், இன்னும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றாள் கார்குழலி. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது என்று சொல்லி, அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டாள். காலை இட்லி இல்லாமல் மாத்திரை இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

லூயிஸுக்கு அழுகை வந்தது. மகள் வயதுப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். உயிர் பிழைத்ததைவிடப் பேர் பிழைத்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அடைக்கலமேரி விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். இத்தனை நாள் யாரிடமெல்லாம் புலம்பினாளோ அவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரரு குடிக்கலடி."