காயப் போட்ட வயல்

"மண்வெட்டியைக் குடுங்க அத்தை, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ சொல்லி நான் கேட்டதெல்லாம் போதும். வாய்க்கால்ல தண்ணி ஓடுறப்போ வயலைக் காயப் போட்டவளை இந்த ஊர்ல..."

"...நாளைக்கு ஆளுங்க வர்றாங்க, இன்னைக்குப் போயி..."

"...எங்கயாவது பார்த்திருக்கியா? நான் பார்த்ததில்ல!"

அடுத்த வயலில் களை பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர் அது. பிரகதாம்பாளின் நிலத்தில் ஒரு துண்டை, அவள் தம்பி மகள் ஜெயபாரதி அரசாங்க ஆராய்ச்சித் திட்டத்துக்காகக் கேட்டு வாங்கியிருந்தாள். வயலைக் காயவிட வேண்டும். நடுவில் புதைத்த துளைக் குழாயில் நீர் மண்ணுக்கு ஒரு சாண் கீழே இறங்கிய பிறகுதான் பாய்ச்ச வேண்டும். இது மூன்றாவது சம்பா. நாளை ஆய்வுக் குழு வந்து பார்த்துச் சரியென்றால்தான் திட்டத்துக்கு மேற்கொண்டு பணம் வரும். அவளுடைய முனைவர் பட்டமும் அதில்தான் இருந்தது. இன்று காலை முறைத் தண்ணீர் வந்ததும் அத்தை மடையைத் திறந்துவிட்டாள். வயலெங்கும் கணுக்கால் தண்ணீர். குழாயின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"மறந்துபோய்த் திறந்தீங்களா?"

"மறதியா? நல்லா ஞாபகம் வெச்சுத்தான் திறந்தேன்."

ஜெயபாரதி கண்ணை அகல விரித்து அத்தையைப் பார்த்தாள்.

"முழிக்காதே. இதை முடிச்சு என்னடி எழுதுவே?"

"பாதித் தண்ணியிலயே இந்த நெல்லு விளையும்னு."

"அதைத்தான் எழுதக்கூடாதுங்கிறேன். பாதி போதும்னு நம்ம வீட்டுப் பொண்ணே எழுதிக் குடுத்தா, அணையைத் திறக்கிறவன் பாதியையும் குடுப்பானா? கடைமடைக்காரி நான். மேல இருக்கிறவன் குடிச்சு மிச்சம் வெச்சதுதான் எனக்கு வருது."

"தண்ணி வராத வருசத்துக்குத்தான் அத்தை இது! அன்னைக்கு உங்க சம்பா கருகிப்போயி, அதுல மேய மாட்டை அவுத்து விட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

"வராத வருசத்துக்குன்னு நீ எழுதுவே. வர்ற வருசத்துலயும் அதையேதான் நீட்டுவான்."

"அரசாங்கப் பள்ளிக்கூடத்துலேர்ந்து இந்தக் குழாய் வரைக்கும் அரசாங்கக் காசுலதான் வந்திருக்கேன். உங்க பயத்துக்காக அதைத் தண்ணியில விட முடியாது."

"அரசாங்கக் காசு! வானத்துலேர்ந்தா கொட்டுச்சு? நான் வாங்குற சோப்புலயும் மருந்துலயும் வரி போகுதுல்ல? உன் சம்பளத்துல என் பங்கும் இருக்குடி. என் தண்ணிக்கு உலை வைக்க என் காசா?"

"உங்க காசுங்கிறதாலதான் பொய் எழுத முடியாது."

"பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு. உங்கப்பன் என்கிட்ட கேட்காமயே எல்லைக்கல்லை நகர்த்தினவன்."

"அப்பாவை இழுக்காதீங்க!"

ஜெயபாரதி பாய்ந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். வடிகால் பக்கத்து வரப்பை வெட்டப் போனபோது, பிரகதாம்பாள் சரியாக அந்த இடத்தில் போய்க் காலை ஊன்றிக்கொண்டாள்.

"தள்ளுங்க."

"வெட்டு. காலோட சேர்த்து வெட்டு."

ஜெயபாரதி அந்தக் காலுக்கு ஒரு முழம் தள்ளி ஓங்கி வெட்டினாள். இரண்டாம் வெட்டில் வரப்பு உடைந்தது. கலங்கல் தண்ணீர் அத்தையின் பாதத்தை நனைத்துக்கொண்டு வடிகாலுக்கு இறங்கியது.

"சாயங்காலத்துக்குள்ள வடிஞ்சிடும். ஆனா தண்ணி ஏறினதை நான் மறைக்கப் போறதில்ல. நிலத்துக்காரங்களே திறந்துவிட்டாங்கன்னு நாளைக்கு அவங்ககிட்ட சொல்லிடுவேன்."

"அதனால உன் பணம் நின்னுபோனா?"

"நிக்கட்டும்."

அத்தை குனிந்து சேலை ஓரத்தைப் பிழிந்தாள். கோபம் தணியவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு. ஆனா ஒரு நாள் இந்த வாய்க்காலை மூட வர்றவன் கையில நீ எழுதினது இருக்காதுன்னு, இதோ இந்தத் தண்ணியில நின்னு எனக்குச் சொல்லிட்டுப் போ."