வசிப்போர் எத்தனை பேர்

கறார்க்காரி என்றுதான் வரி அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். இருபத்தைந்து வருஷம் சொந்த வீட்டில் இடைவிடாமல் குடியிருப்பவர்களுக்கு வீட்டு வரியில் பாதி தள்ளுபடி என்று அறிவித்ததும், நேற்று வீடு வாங்கியவனெல்லாம் பரம்பரைக் குடி மாதிரி விண்ணப்பம் போட்டான். பொய்யைப் பிடிக்க அவளிடம் ஒரு வித்தை இருந்தது. ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, "லைட்டப் போடுங்க" என்பாள். வீட்டில் ஊறிய கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். மற்றவன் சுவரைத் தடவுவான். இதுவரை அந்தச் சோதனை பொய்த்ததில்லை.

அன்று பட்டப்பகலில் அவள் போனது ஓய்வுபெற்ற கப்பல் மெக்கானிக் ஒருவரின் வீட்டுக்கு. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பியதில் வரி மூன்று மடங்காகியிருந்தது. தள்ளுபடி கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பத்திரம் அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் இருந்தது. மனைவி இறந்து மூன்று வருஷம்.

"எனக்காகக் கேக்கல மேடம்," என்றார் கிழவர். "நான் எங்க வேணா கெடப்பேன். அவள விட்டுட்டுப் போக முடியாது."

துக்கத்தில் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். பின்னறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"லைட்டப் போடுங்க ஐயா."

கிழவர் கதவோரம் தடவினார். கட்டில் பக்கம் தடவினார். முட்டியை இடித்துக்கொண்டார். அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது, பாவமாகவும் இருந்தது.

"நீங்க இங்க இருந்ததே இல்லையா ஐயா?"

"முப்பது வருஷத்துல பாதிக்கு மேல கப்பல்லதான். லீவுக்கு வந்தா விருந்தாளி. வீட்டக் கட்டிக் காத்தது அவதான், ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல. இந்த ரூம்ல லைட்டும் அவதான் போடுவா. நான் ஒருநாளும் தேடினதில்ல." கொஞ்சம் தயங்கினார். "இப்பவும்."

டக்.

விளக்கு எரிந்தது. சுவிட்சு பீரோவுக்குப் பின்னால், ஒரு கை மட்டும் நுழையும் இடுக்கில் இருந்தது. கிழவர் மறுகோடியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

"வயரிங் கோளாறா இருக்கும்," என்றாள்.

"இருக்கலாம் மேடம்," என்றார் கிழவர் மரியாதையாக.

படிவத்தை நிரப்பாமலே வாசலுக்கு விரைந்தாள். செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்தது. "லைட்ட அணைக்காம வந்துட்டோமே."

"அவளே அணைச்சிடுவா. கரண்ட் வீணானா அவளுக்கு ஆகாது."

உள்ளே டக் என்று கேட்டது.

கறார்க்காரி அசையாமல் நின்றாள். பதினெட்டு வருஷ வேலையில் பார்க்காததை அவள் எழுதியதில்லை, பார்த்ததை மறைத்ததும் இல்லை. தன் சோதனையில் தேறிய கையைத் தேறவில்லை என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து மதில்மேல் வைத்தாள். 'உரிமையாளர்களில் ஒருவராவது இடைவிடாமல் வசிக்கிறாரா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினாள். 'வசிப்போர் எத்தனை பேர்?' 'இரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கிழவர் குனிந்து படித்தார். படித்தவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"மூணு வருஷமா கணக்கெடுக்க வந்த எல்லாரும் ஒண்ணுன்னுதான் மேடம் எழுதிட்டுப் போனாங்க."